புல்லுக்குள் ஒரு புட்டி

மருந்து தீர்ந்துபோன சிறிய கண்ணாடிப் புட்டி ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அதன் அடிப்பாகம், வயிறு, தோள், கழுத்து என்று ஓரிடமும் விடாமல் மெல்லிய துணி போர்த்தியதுபோல் இருக்கிறது. வெளிர்மஞ்சள் நிறத் துணி. அதில் சிவப்பும் நீலமுமாகச் சிறு சிறு கோலங்கள். தையல் எங்கே என்று தேடுகிறீர்கள். தையலே இல்லை. பசை போட்டு ஒட்டியிருப்பார்களோ என்று பார்க்கிறீர்கள். அதுவும் இல்லை. உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிகிறது. அது துணி அன்று; புல்!

இத்தகைய புட்டிகள் அமெரிக்க அருங்காட்சியகங்கள் சிலவற்றில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அலூஷியன் தீவுகளைச் சேர்ந்த பெண்கள் பின்னியவை அவை. அவர்களிடம் தறி கிடையாது. கணக்குப் போட்டு வரைந்த படமும் கிடையாது. கடற்கரையில் வளரும் ஒரு புல்லும், கூராக்கிய ஒரு விரல்நகமும், பொறுமையும்தான் அவர்களுடைய கருவிகள்.

தட்டையான புல் இலை, வளைந்தும் நெளிந்தும் இருக்கும் ஒரு புட்டிமேல் சுருக்கம் விழாமல் எப்படிப் படிகிறது? காய்ந்தால் நொறுங்கும் புல், நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் எப்படி உறுதியாக இருக்கிறது? இவ்வளவு நுட்பமான கலை அழிவின் விளிம்புவரை சென்றது ஏன்? இவற்றுக்கு விடை காண்போம்.

மரமில்லாத தீவுகள்

உலகப் படத்தில் வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையைப் பாருங்கள். அலாஸ்காவிலிருந்து நீண்ட வால்போல ஒரு தீவுச் சங்கிலி வளைந்து, ரஷ்யாவின் காம்சட்கா தீபகற்பத்தை நோக்கிச் செல்வது தெரியும். இதன் நீளம் சுமார் 1,900 கிலோமீட்டர். வடக்கே பெரிங் கடல்; தெற்கே பசிபிக் பெருங்கடல். பூமியின் மேலோட்டில் பசிபிக் தட்டு, வட அமெரிக்கத் தட்டின் அடியில் செருகிக்கொண்டு இறங்கும் இடம் இது. அதனால் பிறந்த எரிமலைகளின் உச்சிகளே இத்தீவுகள்.

இங்கு வாழும் மக்களை அலூட் மக்கள் என்று பெயரிட்டு அழைத்தவர்கள் ரஷ்யர்கள். அவர்கள் தம்மை உனங்கன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக இத்தீவுகளில் கடலையே நம்பி வாழ்ந்து வந்தவர்கள்.

இத்தீவுகளில் கடுங்குளிர் இல்லை; ஆனால் வெயிலும் இல்லை. மூடுபனி, மழை, காற்று இவைதான் ஆண்டு முழுவதும். கோடையிலும் சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியசைச் சுற்றியே இருக்கும். மலைச்சரிவுகளிலிருந்து திடீரென்று பாய்ந்து இறங்கும் சூறைக்காற்றுக்கு 'வில்லிவா' என்று பெயர். இந்தச் சூழலில் மரங்கள் இயற்கையாக வளர்வதில்லை. 1805ஆம் ஆண்டில் ரஷ்யர்கள் உனலாஸ்காவை ஒட்டிய ஒரு தீவில் ஊசியிலை மரக்கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார்கள். மரம் நட்டதே ஒரு வரலாற்றுச் செய்தியாகப் பதிவாகும் அளவுக்கு மரம் அரிதான நாடு அது.

மரம் வேண்டுமானால், கடல் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து கரையில் ஒதுக்கும் கட்டைகளைத்தான் பொறுக்கவேண்டும். அந்தக் கட்டையால் சட்டம் செய்து, கடற்சிங்கத்தின் தோலைப் போர்த்திப் படகு செய்தார்கள். விலங்குகளின் குடலைக் கிழித்துத் தைத்து, நீர் புகாத மழையங்கி செய்தார்கள். மற்ற வேலைகளுக்கெல்லாம் புல்தான். தரையில் விரிக்கப் பாய், வீட்டுக்குள் அறை தடுக்கத் தட்டி, மீனும் பழமும் சேர்க்கக் கூடை, காலுக்கு உறை என எல்லாம் புல்லால் ஆனவை. இறந்தோரின் உடலைப் பதப்படுத்திப் புல்பாயில் சுற்றிக் குகையில் வைக்கும் வழக்கமும் இருந்தது. 1874ஆம் ஆண்டில் காகமில் என்ற தீவின் குகை ஒன்றிலிருந்து அத்தகைய உடல்கள், அவற்றைச் சுற்றியிருந்த பாய்களோடு வெளியே கொண்டுவரப்பட்டன. புட்டிகளின் மேல் நாம் காணும் கைத்திறன், புட்டி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பழுத்திருந்தது என்பதற்கு இது சான்று.

எந்தப் புல்?

கடற்கரை மணலில் வளரும் இந்தப் புல்லின் அறிவியல் பெயர் லேமஸ் மோலிஸ். கோதுமை, பார்லி ஆகியவற்றின் உறவினம். ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக வளரும். மணலுக்கு அடியில் கிடைமட்டமாக ஓடும் தண்டுகளை அனுப்பி, கணுவுக்குக் கணு புதிய தளிர்களை மேலே விடும். காற்று மணலைக் கொட்டி மூடினாலும், அதைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். உப்புக் காற்றையும் தாங்கும்.

இதன் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் நீளவாக்கில் வரிவரியாக மேடும் பள்ளமும் தெரியும். ஒருவித்திலைத் தாவரங்களின் இலைகளில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த நரம்புகளை ஒட்டித் தடித்த சுவர் கொண்ட நார்ச்செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. புயற்காற்றில் இலை கிழியாமல் நிற்பதற்காகச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. காற்று எவ்வளவுக்குப் பலமோ, அவ்வளவுக்கு நாரும் பலமாக இருக்கவேண்டும். செடி தன் பாதுகாப்புக்காக வளர்த்த நாரையே பின்னுகிற பெண் தன் கூடைக்கு எடுத்துக்கொள்கிறாள்.

எல்லாப் புல்லும் பின்னலுக்கு ஆகாது. அலை தெறிக்கும் இடத்தில் வளர்வது தடித்து முரடாக இருக்கும். சற்று உள்ளே தள்ளி, சரிவுகளில் வளர்வதே நல்லது என்பது அவர்களது அனுபவம். கோடையில் செடியின் நடுப்பகுதியிலுள்ள இலைகளைத் தேர்ந்தெடுத்துப் பறிப்பார்கள். செடியை வேரோடு பிடுங்குவதில்லை. பறித்ததை உள் இலை, இடை இலை, வெளி இலை என்று தரம் பிரிப்பார்கள். மிக மெல்லிய உள் இலை நுண்ணிய வேலைக்கு உரியது.

அடுத்தது பதப்படுத்துதல். இங்கே ஒளியும் நிழலும் சாயப்பட்டறையின் வேலையைச் செய்கின்றன. இலையின் பசுமைக்குக் காரணம் பச்சையம். இலை உயிரோடு இருக்கும்வரை அது புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பறித்த பிறகு ஒளி பட்டால் பச்சையம் சிதைந்து, அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். ஆகவே பசுமை கலந்த நிறம் வேண்டுமானால் நிழலில் உலர்த்துவார்கள். மஞ்சள் வேண்டுமானால் வெயிலில் காட்டுவார்கள். வெளுத்த நிறம் வேண்டுமானால் குளிர்காலத் தொடக்கம்வரை காத்திருந்து, செடியிலேயே நிறம் மாறிய பிறகு பறிப்பார்கள். சாயம் எதுவும் சேர்க்காமல் மூன்று நிறம் கிடைத்துவிடுகிறது.

நீரும் நாரும்

உலர்ந்த புல்லை அப்படியே மடக்கினால் ஒடிந்துவிடும். அதையே சற்று ஈரமாக்கினால் விரலில் மோதிரம்போலச் சுற்றலாம். ஏன் இந்த மாற்றம்?

நார்ச்செல்லின் சுவர் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆன நுண்ணிய இழைகளால் ஆனது. இந்த நுண்ணிழைகள் பெரும்பாலும் நாரின் நீளவாக்கில் படுத்திருக்கின்றன. இடையில் வேறு சில பொருள்கள் பசைபோல நிரம்பியிருக்கின்றன. உலர்ந்த நிலையில் இந்தப் பசை இறுகியிருக்கிறது. ஆகவே வளைத்தால் ஒடிகிறது. நீர் புகுந்தால் நீர் மூலக்கூறுகள் இடையே நுழைந்து இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே நழுவ முடிகிறது. ஆகவே வளைத்தால் வளைந்துகொடுக்கிறது. மறுபடி உலர்ந்ததும், வளைந்த அந்த நிலையிலேயே இறுகிவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஈரமான நார் அகலவாக்கில் நன்றாகப் பருக்கும். நீளவாக்கில் மிகச் சிறிதளவே நீளும். காரணம் எளிது. நுண்ணிழைகள் நீளவாக்கில் படுத்திருப்பதால், நீர் அவற்றைப் பக்கவாட்டில் விலக்கமுடியும்; ஆனால் அவற்றை இழுத்து நீட்டமுடியாது. இதனால் கூடை பின்னுவோருக்கு ஓர் ஆபத்து உண்டு. புல்லை நீரில் ஊறப்போட்டுப் பின்னினால், பின்னும்போது நெருக்கமாகத்தான் தெரியும். உலர்ந்த பிறகு ஒவ்வோர் இழையும் அகலத்தில் சுருங்கி, இடையிடையே இடைவெளி விழுந்துவிடும்.

ஆகவே, ஒடியாத அளவுக்கு ஈரம் வேண்டும். பருக்காத அளவுக்கு உலர்ச்சியும் வேண்டும். அலூட் பெண்கள் விரல்களை அவ்வப்போது நீரில் நனைத்துக்கொண்டு பின்னியதன் பொருள் இதுதான். இழைக்கு எவ்வளவு நீர் என்பதைச் சொல்லும் அளவுமானி எதுவும் அவர்களிடம் இல்லை. விரல்நுனிதான் அளவுமானி.

பாவும் ஊடையும்

நெசவில் நீளவாக்கில் ஓடும் நூலைப் பாவு என்றும், குறுக்கே ஓடும் நூலை ஊடை என்றும் சொல்வோம். சாதாரண நெசவில் ஒரே ஊடைநூல் ஒரு பாவுக்கு மேலும் அடுத்த பாவுக்குக் கீழும் மாறிமாறிச் செல்கிறது. பாவைத் தளராமல் இழுத்துப் பிடிக்கத் தறி வேண்டியிருக்கிறது.

அலூட் பின்னலில் ஊடை ஒன்றன்று, இரண்டு. ஓர் இழை பாவுக்கு முன்னால் செல்லும். மற்றது பின்னால் செல்லும். பாவைக் கடந்ததும் இரண்டும் ஒன்றையொன்று அரைச்சுற்று முறுக்கிக்கொள்ளும். முன்னால் இருந்தது பின்னால் போகும். பின்னால் இருந்தது முன்னால் வரும். பிறகு அடுத்த பாவு. இவ்வாறு ஒவ்வொரு பாவும் இரண்டு இழைகளின் பிடிக்குள் சிறைப்படுகிறது. ஒவ்வொரு முறுக்கும் ஒரு பூட்டு. தறியின் இழுவிசை இல்லாமலே பின்னல் நிலைத்து நிற்பதன் இரகசியம் இதுதான். ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தாலும், மற்றவை சரசரவென்று பிரிந்துவிடுவதில்லை.

இலையை நீளவாக்கில் கிழித்து நூல்போல ஆக்குவதற்கு, நீளமாக வளர்த்துக் கூராக்கிய விரல்நகமே கருவி. இணையான நரம்புகள் இருப்பதால் நகம் இட்ட கோட்டிலேயே இலை நேராகப் பிளக்கும். கூடை பின்னும்போது அடிப்பாகத்தை முதலில் பின்னி, அதைக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பின்னுவதும் உண்டு. பாவு இழைகள் கீழ்நோக்கித் தொங்குவதால் அவை தாமாகவே நேராக நிற்கும். புவியீர்ப்பு விசையே தறியின் வேலையைச் செய்துவிடுகிறது! புட்டியின்மேல் பின்னும்போதோ, புட்டியே அச்சாகிவிடுகிறது.

பூ வேலையும் பின்னலோடு சேர்ந்தே நடக்கிறது. ஊடை இழை வெளிப்பக்கம் வரும் ஒவ்வொரு முறையும், வண்ண இழை ஒன்றை அதன்மேல் சுற்றிவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் பூ தெரியும். உள்ளே திருப்பிப் பார்த்தால் சுவடே தெரியாது. பார்வைக்கு ஊசியால் தைத்த பூத்தையல்போல இருப்பதால் இதைப் 'பொய்த்தையல்' என்று சொல்லலாம். பழங்காலத்தில் இதற்குப் பறவை இறகு, சாயமேற்றிய குடல்தோல் இழை ஆகியவை பயன்பட்டன. வணிகர்கள் வந்த பிறகு பட்டு நூலும் கம்பளி நூலும் அந்த இடத்தைப் பிடித்தன.

வட்டத்தின் கணக்கு

இனி மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். புட்டியின் அடிப்பாகம் ஒரு வட்டம். பின்னல் அதன் நடுப்புள்ளியில் தொடங்கி வெளியே விரிகிறது. வட்டத்தின் சுற்றளவு 2πr என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துப் பாவு இழைகள் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்.

ஆரம் அரை சென்டிமீட்டராக இருக்கும்போது சுற்றளவு 3.14 சென்டிமீட்டர், பாவுகள் 31. ஆரம் 1 சென்டிமீட்டர் ஆனால் பாவுகள் 63. ஒன்றரை சென்டிமீட்டர் ஆனால் 94. இரண்டு சென்டிமீட்டர் ஆனால் 126. அதாவது ஒவ்வோர் அரை சென்டிமீட்டர் விரிவுக்கும் சுமார் 31 புதிய பாவுகளை இடையிடையே, சம தூரத்தில், சேர்த்துக்கொண்டே போகவேண்டும்.

சேர்க்காவிட்டால் என்ன ஆகும்? சுற்றளவு போதாமல் ஓரம் மேலே எழும்பி, பின்னல் கிண்ணம்போலக் குவிந்துவிடும். அளவுக்கு மேல் சேர்த்தால்? ஓரம் மிகுந்துபோய்ப் பாவாடைக் கொசுவம்போல அலை அலையாக நெளியும். சரியான எண்ணிக்கையில் சேர்த்தால் மட்டுமே தட்டையாக இருக்கும். குவிவதா, தட்டையாக இருப்பதா, நெளிவதா என்பதைப் பாவின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. வளைபரப்புகளைப் பற்றிய வடிவியலின் அடிப்படைக் கருத்து இதுவே.

புட்டியின் விளிம்பைத் தாண்டிப் பின்னல் சுவரில் ஏறியதும் ஆரம் மாறுவதில்லை. ஆகவே பாவும் மாறுவதில்லை. தோள்பகுதி வந்ததும் ஆரம் குறைகிறது. இப்போது இரண்டு பாவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தோ, ஒன்றை வெட்டிவிட்டோ எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகவேண்டும். கழுத்தின் ஆரம் ஒரு சென்டிமீட்டர் என்றால், 126 பாவுகளில் சரிபாதி தோளிலேயே மறையவேண்டும். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் மறையவேண்டும். கோலம் வேறு இடையில் இருக்கிறது. பாவு குறையும்போது கோலத்தின் ஒழுங்கும் கெடக்கூடாது!

வேலை எவ்வளவு என்றும் பார்ப்போம். சுவரின் உயரம் 6 சென்டிமீட்டர் எனவும், ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து வரிசை எனவும் கொண்டால் 60 வரிசைகள். வரிசைக்கு 126 முறுக்குகள். மொத்தம் 7,560 முறுக்குகள். ஒரு முறுக்குக்கு ஐந்து வினாடி என்றால் பத்தரை மணி நேரம். இது சுவருக்கு மட்டும். அடிப்பாகம், தோள், கழுத்து, மூடி, பூ வேலை ஆகியவை தனி. புல்லைப் பறித்து, பதப்படுத்தி, நகத்தால் கிழித்த நாள்களும் தனி. இவை நாம் எடுத்துக்கொண்ட எண்கள்தாம். அட்டுத் தீவின் சிறந்த பின்னல்களில் இழைகள் இதைவிட நெருக்கமானவை.

π என்ற எழுத்தை அந்தப் பெண்கள் அறிந்திருக்கவில்லை. ஆனால் π சொல்வதை அவர்கள் விரல்கள் ஒவ்வொரு சுற்றிலும் கடைப்பிடித்தன.

புட்டி எப்படி வந்தது?

மணலும் எரிமலைச் சாம்பலும் நிறைந்த தீவுகளானாலும் அலூட் மக்கள் கண்ணாடி செய்தவர்கள் அல்லர். கண்ணாடி அவர்களுக்குக் கப்பலில் வந்தது. 1741ஆம் ஆண்டில் விட்டஸ் பெரிங் தலைமையில் வந்த ரஷ்யக் கடற்பயணக் குழுவினர் கடல்நீர்நாயின் மென்மயிர்த் தோலோடு ஊர் திரும்பினர். அந்தத் தோலுக்குக் கிடைத்த விலையைக் கண்டு, அடுத்தடுத்து வேட்டை வணிகர்கள் வந்து குவிந்தார்கள். அலூட் ஆண்கள் வேட்டைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். வன்முறை, புதிய நோய்கள், பட்டினி ஆகியவற்றால் மக்களில் பெரும்பகுதியினர் மடிந்தார்கள். 1867ஆம் ஆண்டில் ரஷ்யா அலாஸ்காவை 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. தீவுகளும் அதோடு கைமாறின.

வேட்டை தொடர்ந்தது, கடல்நீர்நாய்கள் அருகிப்போயின. 1911ஆம் ஆண்டில் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் ஆகிய நாடுகள் உடன்படிக்கை செய்து அவற்றுக்குப் பாதுகாப்பு அளித்தபோது, எஞ்சியிருந்தவை மிகச் சிலவே. வேட்டையால் வந்த வருமானம் நின்ற வீடுகளில், பெண்கள் பின்னிய கூடைகளுக்குப் புதிய மதிப்பு வந்தது. மாலுமிகளும் அதிகாரிகளும் வணிகர்களும் அவற்றை விரும்பி வாங்கினர். வாங்குவோருக்கு மீன் சேர்க்கும் கூடை வேண்டியதில்லை. ஆகவே சுருட்டுப் பெட்டி, மூடியிட்ட சிறு கூடை, பின்னல் போர்த்திய புட்டி என்று புதிய உருவங்கள் தோன்றின. கப்பல் கொண்டுவந்த கண்ணாடி, புல்லாடை அணிந்து மீண்டும் கப்பல் ஏறியது.

புட்டியும் புல்லும் நல்ல இணை. கண்ணாடி கடினமானது; ஆனால் எளிதில் உடையும். அதன் மேற்பரப்பில் உள்ள மிக நுண்ணிய கீறல்களின் முனையில் விசை குவிந்து, அங்கிருந்தே உடைவு தொடங்குகிறது என்பதை 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் விளக்கினார். கீறல் ஓடத் தொடங்கினால், ஒரே தொடர்ச்சியான பொருளான கண்ணாடியில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. புல்லோ தனித்தனி நார்களின் கட்டு. ஒரு நார் அறுந்தால் உடைவு அதன் எல்லையிலேயே நின்றுவிடும். அடுத்த நார் சுமையை ஏற்கும். பின்னல் உறை கண்ணாடியைக் கீறலிலிருந்து காக்கிறது. கண்ணாடியோ பின்னலை நசுங்காமல் நிறுத்திப் பிடிக்கிறது.

1942

அலூட் பின்னலில் அட்டு, அட்கா, உனலாஸ்கா என்ற மூன்று தீவுகளின் பெயரால் மூன்று பாணிகள் உண்டு. அவற்றுள் மிக நுண்ணியது என்று பெயர் பெற்றது மேற்குக் கோடியிலுள்ள அட்டுத் தீவின் பின்னல். அங்கிருந்தது ஒரே ஒரு சிற்றூர்.

இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜப்பானியப் படை அட்டுவைக் கைப்பற்றியது. அங்கு வாழ்ந்த சுமார் நாற்பது பேர் சிறைப்பிடிக்கப்பட்டு ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள ஓட்டாரு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். போர் முடிவதற்குள் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயாலும் பட்டினியாலும் இறந்தனர். எஞ்சியவர்கள் திரும்பி வந்தபோதும் அட்டுவில் மீண்டும் குடியேற அமெரிக்க அரசு இடமளிக்கவில்லை. அவர்களில் பலர் அட்காவில் குடியமர்த்தப்பட்டனர்.

மற்றத் தீவுகளின் மக்களையும் போர் விடவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் 881 பேரை அமெரிக்க அரசு தென்கிழக்கு அலாஸ்காவுக்குக் கப்பலேற்றியது. மரமே காணாது வளர்ந்தவர்கள், அடர்ந்த காட்டுக்கு நடுவே, கைவிடப்பட்ட மீன் பதனிடும் கூடங்கள் போன்ற இடங்களில் நெருக்கியடித்து வாழ நேர்ந்தது. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறந்தனர். இறந்தவர்களில் முதியோரும் குழந்தைகளும் மிகுதி. 1988ஆம் ஆண்டில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் இதற்கு மன்னிப்புக் கோரி இழப்பீடு வழங்கியது.

இதைப் பின்னலின் கண்ணோட்டத்தில் பாருங்கள். எந்தச் சரிவில் எந்த வாரம் புல் பறிப்பது, எவ்வளவு ஈரம் வேண்டும், தோளில் எங்கே பாவைக் குறைப்பது ஆகியவை எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. பாட்டியின் அருகில் அமர்ந்து பேத்தி கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான். பாட்டியும் இறந்து, புல் வளர்ந்த கரையையும் இழந்துவிட்டால், அருங்காட்சியகத்தில் ஆயிரம் புட்டிகள் இருந்தும் என்ன பயன்? பின்னிய பொருளைப் பார்த்தால் பாவு எத்தனை என்று எண்ணிவிடலாம். புல்லைப் பறித்த நாளையும் விரலில் இருந்த ஈரத்தையும் எண்ணமுடியாது.

கை மாறிய கல்வி

ஆனால் இழை அறுந்துவிடவில்லை. உனலாஸ்காவில் அன்ஃபீசியா ஷாப்ஸ்னிகாஃப் என்ற அம்மையார் இருந்தார். 1901ஆம் ஆண்டில் பிறந்த இவர் அட்டுப் பாணியில் பின்னத் தெரிந்தவர். தெரிந்ததைத் தம் வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் மற்றவர்களுக்கும் கற்பித்தார். கோடியாக் தீவுக்கும் சென்று பின்னல் சொல்லிக்கொடுத்தார். 1964ஆம் ஆண்டில் உனலாஸ்கா பள்ளிக்கு ஆசிரியராக வந்த ரேமண்ட் ஹட்சன் என்ற இளைஞர் இவரிடம் மாணவராக அமர்ந்து பின்னல் கற்றார். அலூட் இனத்தவர் அல்லாத ஓர் ஆண், பெண்களின் கலையைக் கற்பதா என்று அம்மையார் தயங்கவில்லை. 1973ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அவருடைய கைத்திறன் வேறு பல கைகளுக்குச் சென்றுவிட்டிருந்தது.

அதே உனலாஸ்காவின் பள்ளி மாணவர்கள் 1970களில் தங்கள் தீவுகளின் வரலாற்றையும் வழக்கங்களையும் தேடித் தொகுத்து நூல்களாக வெளியிட்டார்கள். அவர்கள் உங்கள் வயதினர் என்பதைக் கவனியுங்கள். 1999ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே அலூஷியன் தீவுகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கோடையில் புல் பறித்து, தரம் பிரித்து, பின்னக் கற்றுத்தரும் வகுப்புகள் இன்றும் நடைபெறுகின்றன. அட்டுத் தீவில் மட்டும் இன்று யாரும் குடியிருக்கவில்லை. அங்கே புல் வளர்கிறது, பறிக்க ஆளில்லை. ஆனால் அந்தத் தீவின் பெயர் தாங்கிய பின்னல் வேறு தீவுகளில் வாழ்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு சிறு புட்டியும் மெல்லிய சணல் நூலும் போதும். எட்டு நூல் துண்டுகளை எடுத்து, நான்கு மேல் நான்காகக் கூட்டல் குறிபோல வைத்து நடுவில் கட்டுங்கள். இப்போது பதினாறு முனைகள் நாற்புறமும் நிற்கும். அவையே பாவு. ஒரு நீண்ட நூலை இரண்டாக மடித்து ஒரு முனையில் மாட்டுங்கள். அந்த நூலின் இரு பாதிகளும் இரண்டு ஊடைகள். ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் விட்டு, ஒவ்வொரு முனையைக் கடந்ததும் அரைச்சுற்று முறுக்கிக்கொண்டே சுற்றி வாருங்கள். முறுக்கு எப்போதும் ஒரே திசையில் இருக்கட்டும்.

முதலில் புதிய பாவு எதுவும் சேர்க்காமல் ஐந்தாறு சுற்றுப் பின்னிப் பாருங்கள். அடுத்த முயற்சியில், இடைவெளி அகலும்போதெல்லாம் ஒரு புதிய நூலை மடித்துச் செருகிப் பின்னுங்கள். இரண்டையும் மேசைமேல் வைத்து ஒப்பிடுங்கள். எது தட்டையாக இருக்கிறது, எது குவிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டையாக வந்ததன்மேல் புட்டியை நிறுத்தி, முனைகளை மேலே மடக்கிச் சுவரைப் பின்னத் தொடங்குங்கள். தோள் வரும்போது எங்கே குறைப்பது என்பதை உங்கள் விரல்தான் சொல்லவேண்டும். முதல் புட்டியில் அது சொல்லாது. மூன்றாவது புட்டியில் சொல்லத் தொடங்கும். அப்போது அருகில் உங்கள் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள்.